ஜெல்லில் தெரிந்த பாதுகாப்பு மூலிகையுடையதா, கரைப்பானுடையதா?

தஞ்சாவூர்ப் பக்கம் உயிர்வேதியியல் முதுகலை படிக்கும் ஒருவரின் கேள்வி இது. வரப்பில் பறித்த கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி இலைகளை மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு பிரித்து, வற்றவைத்து, டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் கரைத்திருக்கிறார். ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைப் பார்க்கும் டிபிபிஎச் சோதனையில் இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன. பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் வளைய வடிவப் பிளாஸ்மிட் டிஎன்ஏவை, இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து அதை உடைக்கும் ஃபென்டன் வினையில் வைத்து, ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோது, மிகக் குறைந்த அளவு சாற்றிலேயே முழுப் பாதுகாப்பு தெரிகிறது. அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் பட்டை மாறவில்லை. நீர்முள்ளி வேரைத் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்த கஷாயம் மட்டும் டிஎன்ஏவைக் காப்பதற்குப் பதிலாக மேலும் உடைக்கிறது. ஏன் இப்படி, இந்த முடிவை நம்பலாமா, கீழாநெல்லி டிஎன்ஏவைக் காக்கிறது என்று எழுதலாமா என்று கேட்கிறார்.

முதலில் அளவைக் கூட்டினாலும் மாறாத பாதுகாப்பைப் பார்ப்போம். உங்கள் குழாயில் டிஎன்ஏவைக் காப்பது பெரும்பாலும் டிஎம்எஸ்ஓதான். ஃபென்டன் வினையில் பிறந்து டிஎன்ஏவை வெட்டும் ஹைட்ராக்சில் ராடிக்கலைப் பிடிப்பதில் டிஎம்எஸ்ஓ மிகவும் வேகமானது. அதற்கென்றே சில சோதனைகளில் அதைச் சேர்ப்பதும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 20 மைக்ரோலிட்டர் கலவையில் 2 மைக்ரோலிட்டர் சாற்றுக் கரைசல் போட்டால், டிஎம்எஸ்ஓ 10 சதவீதம், அதாவது சுமார் 1.4 மோலார். உங்கள் சாறு முழுவதுமே சுத்தமான காலிக் அமிலம் (தாவரங்களில் உள்ள ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட்) என்று வைத்துக்கொண்டாலும், மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பது 0.59 மில்லிமோலார்தான். கரைப்பானின் மூலக்கூறுகள் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் அதிகம். ராடிக்கலைப் பிடிக்கும் வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் கூட்டத்தில் கீழாநெல்லிக்கு ராடிக்கல் அகப்படவே அகப்படாது. எல்லாக் குழாயிலும் அதே 2 மைக்ரோலிட்டர் போட்டதால்தான் எல்லாப் பட்டையும் ஒன்றுபோல் இருக்கிறது.

டிஎம்எஸ்ஓவை 0.01 சதவீதமாகக் குறைத்தால் போதுமே என்று தோன்றும். அப்போதும் அது 1.4 மில்லிமோலார், மேலே சொன்ன காலிக் அமிலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே இந்தச் சோதனைக்கு டிஎம்எஸ்ஓவே வேண்டாம். மெத்தனாலும் எத்தனாலும் அதைவிட மெதுவாகப் பிடிப்பவை என்றாலும் அவையும் ராடிக்கலைப் பிடிப்பவைதான். 1 சதவீத எத்தனால் என்பது 170 மில்லிமோலார் என்பதை நினைவில் வையுங்கள். கிளிசராலும் மானிட்டாலும் அதே ரகம்.

வழி இருக்கிறது. வற்றவைத்த சாற்றைத் தண்ணீரில் போட்டு வோர்டெக்ஸ் செய்து, 10 நிமிடம் சோனிகேட்டரில் வைத்து, நிமிடத்துக்கு 10,000 சுற்று வேகத்தில் 10 நிமிடம் சுழற்றுங்கள். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் எடுங்கள். அதில் 1 மி.லி.யை எடை தெரிந்த சிறு தட்டில் ஊற்றி, 60 டிகிரியில் உலரவைத்து மீண்டும் எடை பாருங்கள். உண்மையில் கரைந்தது எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். போட்ட எடையைக் கரைந்த எடையாக எழுதுவது ஆய்வேடுகளில் அடிக்கடி பார்க்கும் பிழை. கீழாநெல்லியின் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் போன்ற லிக்னன்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஜெரானின், கொரிலாஜின் போன்ற டானின்கள் நன்றாகக் கரையும். டிஎன்ஏ பாதுகாப்பில் அதிகம் எதிர்பார்க்க வேண்டியது இந்த டானின்களிடம்தான். எனவே தண்ணீர்ச் சாற்றுக்கு மாறுவதால் பெரிய இழப்பில்லை.

இதே சந்தேகத்தோடு தாங்கல் கரைசலையும் (பஃபர்) பாருங்கள். பிளாஸ்மிட்டை டிஇ பஃபரில் (டிரிஸும் இடிடிஏவும் கலந்தது) வைத்திருக்கிறீர்களா? அதிலுள்ள டிரிஸ் ராடிக்கலைப் பிடிக்கும். இடிடிஏ இரும்பைப் பிடிக்கும். பிளாஸ்மிட் பிரிக்கும்போதே கடைசியில் டிஇ ஊற்றாமல் சுத்தமான தண்ணீரில் வடித்து எடுங்கள். வினைக்கு 10 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர், பிஎச் 7.4 போதும். பாஸ்பேட்டும் இரும்போடு கொஞ்சம் சேரும் என்பதால் எல்லாக் குழாயிலும் அதே அளவு இருக்க வேண்டும்.

இனி வினையை அமைக்கும் முறை. பிபிஆர்322 பிளாஸ்மிட் 4361 அடியிணை நீளமுள்ள வளையம். முறுக்கேறிய நிலையில் ஜெல்லில் வேகமாக ஓடும். ஒரே ஓர் இழையில், ஒரே ஓர் இடத்தில் வெட்டு விழுந்தாலும் முறுக்கு தளர்ந்து திறந்த வளையமாகி, மிக மெதுவாக ஓடும். இரண்டு இழையும் எதிரெதிரே வெட்டுப்பட்டால் நேர்க்கோட்டு வடிவம். இது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். எந்தப் பட்டை எது என்று ஊகிக்க வேண்டாம். ஈகோஆர்1 நொதி இந்தப் பிளாஸ்மிட்டை ஒரே இடத்தில்தான் வெட்டும். அதை வெட்டி ஒரு குழியில் ஓட்டினால் நேர்க்கோட்டுப் பட்டையின் இடம் தெரிந்துவிடும். தொடங்கும்போதே பிளாஸ்மிட்டில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் முறுக்கேறிய வடிவம் இருக்க வேண்டும். உறையவைத்து உருக்கி, உறையவைத்து உருக்கிப் பாதி தளர்ந்துபோன பிளாஸ்மிட்டில் சோதனை செய்தால் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

20 மைக்ரோலிட்டர் கலவைக்கு: 250 நானோகிராம் பிளாஸ்மிட், 50 மில்லிமோலார் பாஸ்பேட் 4 மைக்ரோலிட்டர், சாறு 4 மைக்ரோலிட்டர், ஃபெரஸ் சல்ஃபேட் 4 மைக்ரோலிட்டர், கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு 4 மைக்ரோலிட்டர், மீதிக்குத் தண்ணீர். 37 டிகிரியில் 30 நிமிடம். சாறு போடாமல், இரும்பை மட்டும் 10, 25, 50, 100 மைக்ரோமோலார் என்று மாற்றி முதலில் ஒருமுறை ஓட்டுங்கள். முறுக்கேறிய பட்டையில் கால் பங்கு மட்டும் மிஞ்சி, நேர்க்கோட்டுப் பட்டை லேசாகத் தலைகாட்டும் அளவே சரி. சேதம் குறைவாக இருந்தால் எதைப் போட்டாலும் பாதுகாப்பாகத் தெரியும்; டிஎன்ஏ முழுக்கச் சிதறிவிட்டால் நல்ல சாறுகூடத் தோற்றதாகத் தெரியும். வேறொருவர் கட்டுரையிலுள்ள அளவை அப்படியே எடுத்துப் போட்டால் இங்கேதான் தடுக்கி விழுவீர்கள்.

ஃபெரஸ் சல்ஃபேட்டை அன்றன்று, அந்த நேரத்தில்தான் கரைக்க வேண்டும். நடுநிலை பிஎச்சில் அது நிமிடக் கணக்கில் ஃபெரிக்காக மாறிவிடும். கரைசல் மஞ்சளாகத் தெரிந்தாலே கொட்டிவிடுங்கள். 30 சதவீத பெராக்சைடு சுமார் 9.8 மோலார். கோடை வெயிலில் பழைய புட்டியில் அந்த அளவு நிற்காது. நீர்த்து 240 நானோமீட்டரில் பாருங்கள்: 10 மில்லிமோலார் இருந்தால் 0.436 காட்ட வேண்டும்.

30 நிமிடம் ஆனதும், ஜெல்லில் ஏற்றுவதற்காகச் சேர்க்கும் லோடிங் டை என்ற சாயக் கலவையில் உள்ள இடிடிஏ வினையை நிறுத்திவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது நிறுத்தாது. இரும்பும் இடிடிஏவும் சேர்ந்த கூட்டுப்பொருளோடு பெராக்சைடும் வைட்டமின் சியும் சேர்ந்தால், அதுவே டிஎன்ஏவை வெட்டுவதற்கென்று வேண்டுமென்றே பயன்படுத்தும் கலவை. லோடிங் டையில் உள்ள கிளிசரால் ஓரளவு உதவும். ராடிக்கலைப் பிடிக்கும் தயோயூரியா சேர்த்து, ஐஸில் வைத்து, உடனே ஜெல்லில் ஏற்றுவதே பாதுகாப்பு.

ஜெல் 1 சதவீத அகரோஸ், டிஏஇ பஃபரில், 60 முதல் 80 வோல்ட்டில் ஒன்றரை மணி நேரம் வரை. டிஎன்ஏவை ஒளிரச் செய்யும் எத்திடியம் புரோமைடு சாயத்தை ஜெல்லுக்குள் கலக்காமல், ஓடி முடிந்தபின் மி.லி.க்கு 0.5 மைக்ரோகிராம் கரைசலில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். முன்கூட்டியே கலந்தால் சாயம் டிஎன்ஏவின் முறுக்கையே மாற்றி, பட்டைகள் ஓடும் இடம் குழம்பும். முறுக்கேறிய வடிவம் இந்தச் சாயத்தைக் குறைவாகவே ஏற்கும் என்பதால், அந்தப் பட்டையின் ஒளிர்வைச் சுமார் 1.4 ஆல் பெருக்கிவிட்டுச் சதவீதம் போடுவது வழக்கம். சாயக் கழிவைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். நம் ஊரில் கழிவுநீர் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஒரு வாய்க்கால். அந்தத் தண்ணீர் யாரோ ஒருவரின் வயலில் பாயும்.

சாறு உள்ள குழிகளைவிடச் சாறு இல்லாத குழிகளே உங்கள் ஆய்வைத் தாங்கும் தூண்கள். பிளாஸ்மிட் தனியாக, பெராக்சைடு மட்டும் சேர்த்து, இரும்பு மட்டும் சேர்த்து, இரண்டும் சேர்த்து என்று நான்கு. கரைப்பான் ஏதேனும் இருந்தால் அதையும் ஃபென்டன் கலவையையும் சேர்த்து ஒன்று. பிறகு, ஃபென்டன் இல்லாமல் சாறும் பிளாஸ்மிட்டும் மட்டும், அதுவும் மிக அதிக அளவுச் சாற்றில். பெரும்பாலானோர் விடுவது இந்தக் கடைசிக் குழியைத்தான். பச்சை இலையை இடித்துப் பிழிந்த சாற்றில் டிஎன்ஏவை வெட்டும் நியூக்ளியேஸ் நொதிகள் இருக்கும். டானின் மிகுந்த சாறு டிஎன்ஏவோடு ஒட்டித் திரண்டு, குழியிலேயே தங்கிவிடும். பட்டை மறைந்ததைப் பார்த்துச் சேதம் என்று எழுதிவிடுவோம். பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற அலையாத்திக் காடுகளின் மரப்பட்டைகள் பலவற்றில் டானின் அதிகம் என்பதால் அவற்றைச் சோதிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வரலாம். குழியின் வாயில் ஒளிர்வு தெரிகிறதா என்று படத்தில் பாருங்கள். வெட்டிவிட்ட படத்தை மட்டும் சேமிக்காதீர்கள்.

ஒப்பீட்டுக்கு வைட்டமின் சி வேண்டாம். டிபிபிஎச்சில் அது நல்ல அளவுகோல். இங்கே அது ஃபெரிக் இரும்பை மீண்டும் ஃபெரஸாக மாற்றி, வினையைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும். அதாவது டிஎன்ஏவை உடைக்கத் துணைபோகும். கேட்டலேஸ் நொதியை வையுங்கள். பெராக்சைடைச் சிதைத்துவிடும் என்பதால் முடிவில் சந்தேகமே இருக்காது.

இப்போது நீர்முள்ளி வேர். குட்டை ஓரத்திலும் வாய்க்காலிலும் நீர் நின்ற மண்ணில் வளர்ந்த செடியின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால், துருப்பிடித்தாற்போல் செம்பழுப்புப் பூச்சு இருக்கும். காற்றில்லாத சேற்றில் கரைந்து கிடக்கும் இரும்பு, வேர் கசியவிடும் ஆக்சிஜன் பட்டு வேரின்மேலேயே படிவதால் வருவது அது. கழுவினால் போகாது. கொதிக்கவைக்கும்போது டானின் போன்ற பாலிஃபீனால்கள் அதில் ஒரு பகுதியைக் கட்டி இழுத்துக் கஷாயத்துக்குள் கொண்டுவந்துவிடும். பிறகு நீங்கள் சேர்த்த இரும்போடு இந்த இரும்பும் சேர்ந்துகொள்கிறது. டிஎம்எஸ்ஓவின் பாதுகாப்பும் இந்தக் குழாயில் இல்லை. என் முதல் சந்தேகம் இதுதான். உறுதிசெய்வது எளிது: இரும்பு சேர்க்காமல், கஷாயமும் பெராக்சைடும் பிளாஸ்மிட்டும் மட்டும் வைத்து ஓட்டுங்கள். சேதம் வந்தால், அதே கலவையில் இரும்பை இறுகப் பிடிக்கும் டெஸ்ஃபெரியாக்சமின் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். சேதம் நின்றால் குற்றவாளி இரும்பு. நிற்காவிட்டால் செம்பைத் தேடுங்கள். நெல்லுக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு, காப்பர் ஹைட்ராக்சைடு தெளித்த வயலின் வரப்பில் பறித்த செடி என்றால் வாய்ப்பு உண்டு. பாலிஃபீனாலும் செம்பும் சேர்ந்தால் டிஎன்ஏவை உடைக்கும் என்பது நன்கு தெரிந்த வேதியியல். பறிக்கும் முன் அந்த வயல்காரரிடம் கடைசியாக என்ன மருந்து, எப்போது அடித்தார் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வது ஒரு கருவிக்குச் சமம்.

செடியைச் சரியாக அடையாளம் காண்பதும் இதே அளவு முக்கியம். கீழாநெல்லி என்று கட்டாகக் கட்டி விற்பதில் ஃபில்லாந்தஸ் இனத்தின் பல செடிகள் கலந்திருக்கும். ஃபில்லாந்தஸ் அமாரஸின் பூவில் புல்லிதழ் 5, ஃபிராடெர்னஸில் 6. காய் வழவழப்பாக, சிறு காம்போடு தொங்கினால் அமாரஸ். சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டி, தண்டும் செம்மையாக இருந்தால் அது யூரினேரியா. கரிசலாங்கண்ணியில் வெள்ளைப் பூவுள்ள எக்லிப்டா வேறு, மஞ்சள் பூவுள்ளது வேறு பேரினம். பொன்னாங்கண்ணி பறிப்பவர்கள் வாய்க்காலை அடைத்துக் கிடக்கும் வெளிநாட்டுக் களையை எடுத்துவிடுவதும் உண்டு: பூக்கொத்து இலைக்கணுவில் ஒட்டி உட்கார்ந்திருந்தால் பொன்னாங்கண்ணி, நீண்ட காம்பில் நின்றால் களை. பூவும் காயும் உள்ள ஒரு முழுச் செடியை அழுத்தி உலர்த்தி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலுள்ள ராபினட் ஹெர்பேரியம் (உலர்செடித் தொகுப்பகம்) போன்ற இடத்தில் ஒப்பிட்டு, எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோடியக்கரை சரணாலயப் பகுதியில் பறிப்பதென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

உலர்த்துவதிலும் நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிழலில் உலர்த்தினால் இலை காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சை தன் நொதிகளால் பாலிஃபீனாலைத் தின்றுவிடும். அந்தப் பருவத்தில் 40 டிகிரி சூட்டடுப்பில் உலர்த்துவதே சரி. சம்பா அறுவடை முடிந்த மாசியில் நிழலே போதும். இலை கையில் நொறுங்க வேண்டும். பொடித்துச் சலித்து, 10 கிராமுக்கு 100 மி.லி. என்ற கணக்கில் 70 சதவீத எத்தனாலில் 24 மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, 40 டிகிரிக்கு மேல் போகாமல் ரோட்டரி எவாபரேட்டரில் வற்றவையுங்கள். சாக்ஸ்லெட் கருவியில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் ஜெரானின் உடைந்து வேறு பொருளாகிவிடும். பிறகு கீழாநெல்லியைச் சோதித்தோம் என்று சொல்வதில் அர்த்தம் குறைந்துவிடும்.

டிபிபிஎச் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதை நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள். 100 மி.லி. மெத்தனாலில் 3.9 மி.கி. கரைத்தால் 0.1 மில்லிமோலார். அதில் 3 மி.லி.யுடன் சாறு 1 மி.லி., இருட்டில் 30 நிமிடம், 517 நானோமீட்டரில் அளவீடு. இரண்டைக் கவனியுங்கள். பச்சையம் நிறைந்த சாற்றுக்கு டிபிபிஎச் இல்லாத, சாறு மட்டும் உள்ள பிளாங்க் (ஒப்பீட்டுக் கரைசல்) தனியாக வேண்டும். இல்லையென்றால் சாற்றின் நிறமே அளவீட்டில் கூடி, சாறு பலவீனமாகத் தெரியும். கலவையில் பாதிக்கு மேல் தண்ணீராகிவிட்டால் டிபிபிஎச் கரையாமல் படிந்து, அளவீடு தாறுமாறாகும். மற்றபடி டிபிபிஎச் என்பது புட்டியில் வாங்கும் ஒரு நிலையான நைட்ரஜன் ராடிக்கல். உடலில் அது கிடையாது. ஒரு சாறு எலக்ட்ரான் கொடுக்குமா என்பதை மட்டும் அது சொல்லும். டிஎன்ஏவைப் பற்றி எதுவும் சொல்லாது.

சாறு உண்மையிலேயே காக்கிறது என்று கரைப்பான் இல்லாத ஜெல் காட்டினாலும், எப்படிக் காக்கிறது என்பது தனிக்கேள்வி. இரும்பு டிஎன்ஏவின் பாஸ்பேட்டில் ஒட்டிக்கொண்டால் ராடிக்கல் பிறப்பதே டிஎன்ஏவின் மேல்தான். அதை ஓடிப்போய்ப் பிடிக்க நேரமில்லை. அந்த நிலையில் ராடிக்கலைப் பிடிப்பதைவிட இரும்பைப் பிடுங்குவதே பலன் தரும். கீழாநெல்லி டானின்களிலுள்ள காலாயில் தொகுதிகள் இரும்பை நன்றாகக் கட்டும். பிரித்தறிய, இரும்பே இல்லாமல் பெராக்சைடின்மேல் புற ஊதா ஒளி பாய்ச்சி ராடிக்கலை உண்டாக்குங்கள். ஃபென்டனில் காத்து இதில் காக்காவிட்டால், சாறு இரும்பைக் கட்டுவதால்தான் காத்தது. சாறு ஒளியையே மறைத்திருக்கலாம் என்பதால், சாற்றைக் கலக்காமல் மேலே ஒரு மெல்லிய தட்டில் திரைபோல வைத்தும் ஒரு குழாய் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் வெவ்வேறு நாளில் புதிதாகக் கலந்து மூன்று முறை செய்ய வேண்டும். ஒரே குழாயை மூன்று குழியில் ஊற்றினால் அது ஒரு முறைதான்.

செல்லில் பார்க்க விரும்பினால் அடுத்த படி, செல்லின் டிஎன்ஏ எவ்வளவு உடைந்தது என்று காட்டும் காமெட் சோதனை. அதற்கு இங்கே ஒரே எச்சரிக்கை: பாலிஃபீனால்கள் செல் வளர்க்கும் ஊடகத்திலேயே ஆக்சிஜனோடு வினைபுரிந்து பெராக்சைடை உண்டாக்கும். சாற்றில் செல்லை ஊறவைத்து, கழுவி, அதன்பிறகு பெராக்சைடு கொடுங்கள். கழுவாமல் கொடுத்தால் சாறு செல்லைக் காத்ததா, வெளியே பெராக்சைடைத் தின்றதா என்று தெரியாது.

வீட்டில் கஷாயம் குடிப்பவரிடம் இதைச் சொல்லலாமா? கூடாது. ஜெரானின் குடலிலேயே எல்லாஜிக் அமிலமாகவும், பிறகு குடல் நுண்ணுயிர்களால் யூரோலித்தின்களாகவும் உடைகிறது. ஜெல்லில் நீங்கள் போட்ட மூலக்கூறு ரத்தத்தில் அந்த வடிவத்திலும் அந்த அளவிலும் வந்து சேர்வதில்லை. குழாயில் நன்றாகத் தெரிந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மனிதரிடம் என்ன செய்யும் என்பதற்குப் பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களிடம் நடந்த ஆய்வு இருக்கிறது. 1994-இல் வந்த அதன் முடிவில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையும் உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்புப் பட்டியலை 2012-இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. உடல்நலனோடு அந்த எண்களுக்குத் தொடர்பு காட்ட முடியவில்லை என்பதே காரணம். கதிர்வீச்சு சிகிச்சையிலோ கீமோவிலோ இருப்பவர் உங்கள் முடிவைப் படித்துவிட்டுச் செறிவான சாற்றைக் குடிக்கத் தொடங்கினால், அது சிகிச்சைக்கே குறுக்கே நிற்கலாம். மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது என்பதைக் கேட்கிறவர்களிடம் தெளிவாகவே சொல்லுங்கள்.

ஆய்வேட்டில் முடிவுப் பகுதிக்கு, புதிய ஜெல்கள் ஒத்துவந்தால், இந்த அளவு எழுதலாம்: "கீழாநெல்லி இலையின் நீரில் கரைந்த பகுதி, கரைப்பான் எதுவும் இல்லாத நிலையில், ஃபெரஸ் இரும்பும் பெராக்சைடும் உண்டாக்கும் இழை வெட்டுகளிலிருந்து பிபிஆர்322 பிளாஸ்மிட்டை மி.லி.க்கு இத்தனை மைக்ரோகிராமில் பாதியளவு காத்தது." அந்த எண்ணின் இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டுவிட்டு, டிஎம்எஸ்ஓ புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தண்ணீரில் கரைத்த சாற்றோடு முதல் ஜெல்லை ஓட்டுங்கள்.